ஃபிளாஸ்க் சாரும் முப்பத்து நான்கு இரும்புக் கட்டிகளும்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ஃபிளாஸ்க் சார். வேலை, லிஃப்ட் ஆய்வாளர். ஒரு கட்டடத்துக்கு லிஃப்டைச் சோதிக்கப் போனால் அங்கே ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். தோள்பையில் வீட்டுத் தேநீர் ஒரு ஃபிளாஸ்க், தண்ணீர் ஒரு பாட்டில். யாராவது பிஸ்கட் தட்டை நீட்டினால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நீட்டியது போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். ஒரு முறை ஐந்து மாடி ஏறித் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டவருக்கு அந்த வீட்டு அம்மாள் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தாள். இதைக் குடித்தால் உங்கள் லிஃப்டுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதம்மா என்று சொல்லிவிட்டு, மயக்கம் தெளியும்வரை வெறும் வாயோடு சுவரில் சாய்ந்திருந்தாராம். இதை அலுவலகத்தில் கேலியாகத்தான் சொல்வார்கள். அவர் காதில் விழுந்தால் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

பதினோரு வருஷமாக அந்த நாற்காலி. ஊரில் இருக்கும் லிஃப்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனையிலும், உள்ளே பொத்தான்களுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் தொங்கியது. மனிதர்கள் லிஃப்டுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காக எதையாவது படிப்பார்கள் அல்லவா, அப்படிப் படித்துப் படித்தே ஊரில் பாதிப்பேருக்கு அவர் கையெழுத்து மனப்பாடம்.

சோதனை எளிதுதான். எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட் என்றால் ஐநூற்று நாற்பத்து நான்கு கிலோ. அதற்கு மேல் கால் பங்கு கூட்டி, அறுநூற்று எண்பது கிலோவை உள்ளே வைத்து, மேல்மாடியில் கால் மணி நேரம் நிறுத்த வேண்டும். இறங்காமல் நின்றால் பாஸ். அதற்காக அலுவலகத்தில் முப்பத்து நான்கு இரும்புக் கட்டிகள் உண்டு. மேலே கைப்பிடி, பக்கத்தில் '20' என்று வார்த்த எழுத்து, அதன் கீழே வருஷாவருஷம் எடை அலுவலகத்திலிருந்து வந்து குத்திவிட்டுப் போகும் முத்திரை. முத்திரைக்காரர் வருவார், '20' என்று எழுதியிருக்கிறதா என்று முப்பத்து நான்கையும் ஒழுங்காகப் படித்துப் பார்ப்பார், குத்துவார், போவார்.

கட்டிகளைச் சுமப்பது பயில்வானின் வேலை. ஐம்பது வயது, ஒட்டிய கன்னம், கொடிக்கம்பி மாதிரி உடம்பு. ஆனால் கைக்கு ஒன்றாக இரண்டு கட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி நிற்காமல் ஏறுவார். அதனால்தான் பயில்வான். தூக்கும்போது கழுத்து நரம்பு புடைக்கும், ஒரு முனகல் வரும், இறக்கி வைத்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். பார்க்கிறவர்களுக்கே இடுப்பு வலிக்கும். சாருக்கு அவரைப் பற்றிப் பெருமை. இரும்பு உடம்பு என்பார்.

பதினோரு வருஷத்தில் ஒரு லிஃப்ட்கூட ஃபெயில் ஆனதில்லை. அதுவும் சாருக்குப் பெருமைதான். பக்கத்து ஊர்களில் நூற்றுக்கு இருபது ஃபெயில் ஆகிறதாமே, நம் ஊர் மெக்கானிக்குகளின் கைவாகே தனி என்று கூட்டங்களில் சொல்லுவார். மெக்கானிக்குகளும் தலைகுனிந்து அடக்கமாகக் கேட்டுக்கொள்வார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையைக் கெடுத்தது ஒரு மைக்கா ஷீட்.

வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் மேல் ஒட்டியிருந்த ஷீட் ஒரு மூலையில் கிளம்பி, போகிற வருகிறவர்களின் சட்டைக் கையை எல்லாம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பசை போட்டு ஒட்டியாயிற்று. காயும்வரை மேலே கனமாக எதையாவது வைக்க வேண்டும். அகராதியை வைத்தார்கள், மாவு டப்பாவை வைத்தார்கள், மூலை அகராதியோடு சேர்ந்து மேலே எழும்பியது. உங்கள் ஆபீஸில்தான் இரும்புக் கட்டி மலையாகக் கிடக்கிறதே, ஒன்றை எடுத்து வந்தால் என்ன என்று கேட்டாள் மனைவி. அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநர். தேதி தாண்டிய மாத்திரையை ஒரு பார்வையில் பொறுக்கிவிடுவாள்.

அலுவலகக் குண்டூசிகூட அந்த வீட்டு வாசற்படி ஏறியதில்லை. சார் மூன்று நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஷீட், அவருடைய புதுச் சட்டையைப் பிடித்துக் கிழித்தது. நாலாம் நாள் பதிவேட்டில், 'கட்டி ஒன்று, சரிபார்ப்பதற்காக எடுத்துச் செல்லப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறிந்து எழுதிய முதல் பொய்.

வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றதும் பயில்வானின் முகம் போன போக்கைச் சார் கவனிக்கவில்லை. நானே வந்து வைத்துவிட்டுப் போகிறேன் என்று ஸ்கூட்டரின் பின்னால் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாரின் நாலாம் மாடி வீட்டில் மேஜை மேல் இறக்கி வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"அம்மா, நீங்க இதைத் தொட்டுடாதீங்க. இடுப்பு புடிச்சுக்கும். நாளைக்கு நானே வந்து எடுத்துக்கறேன்."

மூன்று முறை சொன்னார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நாலாம் முறையும் சொன்னார்.

அவர் தலை மறைந்ததும், கட்டி மூலைக்குச் சரியாக வரவில்லையே என்று அவள் ஒரு கையால் தூக்கி நகர்த்தி வைத்தாள். மறு கையில் காபித் தம்ளர் இருந்தது.

சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை இன்னொரு தடவை தூக்கு" என்றார்.

தூக்கினாள். அவரும் தூக்கினார். ஆச்சரியம் என்னவென்றால், அது கனமா லேசா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு கட்டியையும் அவர் தொட்டுத் தூக்கியதே இல்லை.

படுக்கையறையில் மனைவியின் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. காலையில் எழுந்ததும் அவள் ஏறி நின்று பெருமூச்சு விடும் சாதனம். அதில் வைத்தார்கள். பதினொன்று காட்டியது.

மெஷின் ரிப்பேர் என்றார் சார். கட்டியில் அரசாங்க முத்திரையே இருக்கிறது, அது இருபதுதான், உன் மெஷின்தான் பாதியைத் தின்கிறது என்றார். மனைவி அதில் ஏறி நின்றாள். அறுபத்து நான்கு.

"அப்ப உங்க கணக்குப்படி நான் எத்தனை கிலோங்க?"

சார் மனதுக்குள் பெருக்கி வகுத்தார். பொறியாளர் புத்தி, விடை தானாக வந்துவிட்டது. நூற்றுப் பதினாறு. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்த விவாதத்தில் மெஷின் பக்கம் வக்கீல் பலமாக இருந்தார். கடைசியில் ஒரு நடுநிலைச் சாட்சி தேவைப்பட்டது. தண்ணீரைப் பிடித்தார்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, அதில் யாரும் கைவைக்க முடியாது. வீட்டிலிருந்த அளவுக் குவளையால் இருபது லிட்டர் அளந்து, வாளியின் எடையைக் கழித்து, மெஷின் மேல் வைத்தார்கள். இருபதை ஒட்டி வந்து நின்றது முள். மனைவி அறுபத்து நான்கு கிலோ என்பது சந்தேகமின்றி நிரூபணம் ஆயிற்று. கட்டி பதினொன்று என்பதும்.

சார் கட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் வட்டமாக ஒரு தகடு, அதன் மேல் பெயின்ட். தட்டினால் பூசணிக்காய்ச் சத்தம்.

மறுநாள் காலை கிடங்கில் பயில்வானைக் கேட்டார். பயில்வான் மறைக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகிறது, சார் இந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்பு. குடல் இறங்கி டாக்டர் கனம் தூக்கக் கூடாது என்று சொன்ன சமயம். வேலையை விடவும் முடியாது, தூக்கவும் முடியாது. மச்சானுக்குப் பட்டறை இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு கட்டி. அடியில் குடைந்து, தகடு அடித்து, பெயின்ட் பூசி, நாலு மாதத்தில் முப்பத்து நான்கும் முடிந்தது.

"ஆனா சார், ஒண்ணு கூட, ஒண்ணு குறைச்சலா இருக்காது. எல்லாம் பதினொண்ணு. நிறுத்துப் பாருங்க. வேலையில நான் ஏமாத்தல."

அந்த முனகலும் இடுப்பைப் பிடிப்பதும் என்ன என்று சார் கேட்டார். முதலில் நடிப்புதான், இப்போது பழகிப்போய்க் காலி வாளியைத் தூக்கினாலும் வந்துவிடுகிறது, வீட்டில் சிரிக்கிறார்கள் என்றார் பயில்வான். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சார் கேட்டதற்குத்தான் அவர் சற்று யோசித்தார்.

"என்னிக்காவது ஒரு லிஃப்டை நீங்க ஃபெயில் போட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார். நீங்க எப்பவும் பாஸ்தானே போடறீங்க. சரி, இது ஒரு சடங்கு போலிருக்குன்னு விட்டுட்டேன்."

சார் அன்று கிடங்கின் ஓரத்தில் உட்கார்ந்து காகிதத்தில் பெருக்கினார். முப்பத்து நான்கு பதினொன்று, முந்நூற்று எழுபத்து நான்கு கிலோ. ஆளுக்கு அறுபத்தெட்டு என்று வைத்தால் ஐந்தரை ஆள். எட்டு ஆள் ஏறலாம் என்று அவர் கையெழுத்துப் போட்ட பெட்டிகளில் எல்லாம் ஐந்தரை ஆளைத்தான் நிறுத்திப் பார்த்திருக்கிறார். மிச்சம் இரண்டரை ஆள் பதினோரு வருஷமாக அவர் கையெழுத்தின் மேல் தொங்கிக்கொண்டு போய் வந்திருக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு குடிக்காத கையெழுத்து.

தலைமைப் பொறியாளரின் அறை ஆறாவது மாடி. சீஃப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல பருமன், நல்ல குணம், யாரையும் கடிந்து பேசாதவர். கட்டியை மேஜை மேல் வைத்து சார் எல்லாவற்றையும் சொன்னார். சீஃப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"முத்திரை இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"அப்ப இது இருபது கிலோ."

சார் மனைவியின் மெஷினைப் பற்றிச் சொன்னார். அதில் முத்திரை உண்டா என்று கேட்டார் சீஃப். இல்லை. முத்திரை இல்லாத ஒன்று முத்திரை இருக்கும் ஒன்றைக் குற்றம் சொல்வதை அரசாங்கம் ஏற்குமா என்று கேட்டார். சார் தண்ணீரால் சரிபார்த்ததைச் சொன்னார்.

"தண்ணிக்கு முத்திரை இருக்கா?"

சீஃப் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். பிறகு மெதுவாக, தம்பியிடம் பேசுவது போல எடுத்துச் சொன்னார். புதுக் கட்டி கேட்டு எழுதலாம், வர ஏழு மாதம் ஆகும். அதுவரை இவையே இருக்கட்டும். பதினோரு வருஷத்தில் ஒருவராவது விழுந்தாரா? இல்லையே. பொதுமக்கள் தினமும் ஏறி இறங்கிச் சோதித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், அதைவிடப் பெரிய சோதனை நம்மிடம் உண்டா? வேண்டுமானால் பயில்வானை நீக்கிவிடுவோம், அத்தோடு போகட்டும்.

குடைந்தது அவர்தான், கையெழுத்துப் போட்டது நான் என்றார் சார்.

"அதைத்தான் நானும் சொல்றேன். நானூத்துப் பன்னெண்டு பொய்க் கையெழுத்து. வெளியில தெரிஞ்சா லஞ்சம் வாங்கினவனுக்குக்கூட இவ்வளவு கணக்கு இருக்காது. உங்களுக்கு இந்த ஊர்ல இருக்கிற ஒரே சொத்து உங்க பேரு. அதை நீங்களே போட்டு உடைக்கணுமா?"

சார் கட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினார். பொத்தான்களுக்கு மேலே அவருடைய கையெழுத்து. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையைப் பார்த்தார்.

சீஃப் சொன்னது அவரை உறுத்தியது. உண்மையிலேயே லிஃப்டுகள் எல்லாம் நன்றாக இருந்துவிட்டால்? கட்டி பொய்யாக இருந்தாலும் கையெழுத்து தற்செயலாக மெய்யாகிவிடும் அல்லவா? ஒன்றையாவது ஒழுங்காகச் சோதித்துப் பார்க்கலாம். யாரிடமும் கடிதம் கேட்கத் தேவையில்லாத லிஃப்ட் ஒன்று இருந்தது, அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட். எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் பழைய ரகம், நாலு மாடி. சங்கச் செயலாளர் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவரிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலை வீடு வீடாக இருபது லிட்டர் தண்ணீர் கேன்களை வாங்கிச் சேர்த்தார். ஒவ்வொன்றையும் மனைவியின் மெஷினில் வைத்து, கேனின் எடைக்குத் தகுந்தபடி இரண்டு குவளைத் தண்ணீரை வெளியே எடுத்தார். சாரே சுமந்தார். பத்தாவது கேனில் கழுத்து நரம்பு புடைத்தது, வாயிலிருந்து ஒரு முனகலும் வந்தது. உதவிக்கு வந்திருந்த பயில்வான், அதில் ஒரு நுணுக்கம் குறைவதைக் கவனித்தவர் போலப் பார்த்தார்.

லிஃப்டை நாலாம் மாடியில் கதவு திறந்து நிறுத்தினார்கள். யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று சார் வாசலில் நின்றுகொண்டார். பயில்வான் வெளியிலிருந்தே ஒரு நீளக் கட்டையால் கேன்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். வேடிக்கை பார்க்க எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் படிக்கட்டில் கூடிவிட்டார்கள். எண்ணிக்கையைக் கோரஸாகச் சொன்னார்கள். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பதாவது கேன் ஏறியபோது பெட்டி விரற்கடை அளவு தாழ்ந்தது. அது வழக்கம்தான் என்றாள் எதிர்வீட்டம்மா, நாலைந்து பேர் ஏறினாலே கொஞ்சம் பணிந்துதான் நிற்கும், நாம் காலைத் தூக்கி வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஆமாம் என்றார்கள். சாருக்கும் தெரியும். பதினோரு வருஷமாக அவரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

இருபதாவது கேன் உள்ளே போனது. நானூறு கிலோ. ஆறு ஆள்கூட முழுதாக இல்லை.

பெட்டி இறங்க ஆரம்பித்தது. விழவில்லை, இறங்கியது. அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்து எழுந்து போகும் பெரிய மனிதரைப் போல, இருபது கேன்களோடு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே போனது. முதலில் கேன்களின் கழுத்துகள் தெரிந்தன, பிறகு விளக்கு, பிறகு பெட்டியின் கூரை, அதன் மேல் யாரோ என்றைக்கோ விட்ட ஒற்றைச் செருப்பு. பயில்வான் நீட்டிய கட்டையை நீட்டியபடியே நின்றார். வெகு நேரம் கழித்துக் கீழே ஒரு மெத்தென்ற சத்தம். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துக் காவல்காரரின் குரல் மாடிப்படி வழியாக மேலே வந்தது.

"யாரு தண்ணி கேட்டது?"

செயலாளர்தான் முதலில் பேசினார். அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி.

"பதினோரு வருஷமா ஒரு குறையில்லாம ஓடின லிஃப்ட் சார் இது. நீங்க எண்ணாம இருந்திருந்தா இன்னும் ஓடியிருக்கும்."

என் கேன் உள்ளே இருக்கிறது என்றாள் எதிர்வீட்டம்மா. இன்னொருவர், கேனில் என்ன தண்ணீர் பிடித்தீர்கள் என்று விசாரித்தார், நல்ல தண்ணீர் கனம் கம்மியாக இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமையில் இந்த வேலையை வைத்துக்கொண்டதுதான் தப்பு என்று முடிவாயிற்று. லிஃப்டை நிறுத்தி வைக்கிறேன் என்று சார் அறிவிப்பை ஒட்டியதும், கூட்டம் அவரைத் திட்டிக்கொண்டே படியிறங்கியது. ஒருவராவது பெட்டிக்குள் தொங்கும் சான்றிதழைச் சொல்லி, அது யார் கையெழுத்து என்று கேட்பார் என்று அவர் எதிர்பார்த்து நின்றார். ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது சீஃப் சொன்னதை எல்லாம் மனைவியிடம் சொன்னார். எல்லாவற்றையும் ரத்து செய்ய வேண்டும், ஆனால் பேர் போய்விடும் என்றார்.

"எங்க கடையில ஒரு தொகுதி மாத்திரை சரியில்லைன்னு தெரிஞ்சா, வித்தது அத்தனையும் திரும்ப வரவைப்போங்க. சாப்பிட்டவங்க நல்லா இருக்காங்களான்னு பார்த்துட்டு இல்ல." குழம்பை ஊற்றிக்கொண்டே, "அப்புறம், அந்த நூத்துப் பதினாறை நான் இன்னும் மறக்கல" என்றாள்.

விதிப்புத்தகத்தைத் தேடினார். சான்றிதழை ரத்து செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம், வழங்கிய அலுவலரே செய்யலாம், மேலிடத்துக்கு ஒரு பிரதி அனுப்பினால் போதும் என்று ஒரே வரியில் இருந்தது. திங்கட்கிழமை முழுக்கக் கையெழுத்துப் போட்டார். செவ்வாய் காலை முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று லிஃப்டையும் தண்ணீர் வைத்துச் சோதித்தார். இரண்டு நின்றன, ஒன்று இறங்கியது. நின்ற இரண்டையும் ஓடவிட்டார். பிறகு மிச்சத்துக்கெல்லாம் உத்தரவுகளை அனுப்பினார்.

ஊர் படியேறத் தொடங்கியது. பல வருஷமாக ஒரே கட்டடத்தில் இருந்தும் பார்த்திராதவர்கள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியபடி அறிமுகமானார்கள். பேச்சு எதில் தொடங்கினாலும் ஃபிளாஸ்க் சாரைத் திட்டுவதில் முடிந்தது. மெக்கானிக்குகள் ஒரு கூட்டம் போட்டு, தங்கள் தொழிலின் மானத்தை அவர் வாங்கிவிட்டதாகத் தீர்மானம் போட்டார்கள்.

ரத்தான நானூற்றுப் பன்னிரண்டில் அலுவலக லிஃப்டும் ஒன்று.

புதன்கிழமை சீஃப் கூப்பிடுவதாக ஆள் வந்தது. சார் ஆறு மாடியையும் ஏறத் தயாராகத்தான் போனார். ஏறவேண்டியிருக்கவில்லை. சீஃப் நாலாம் மாடித் திருப்பத்தில், படியிலேயே, ஒரு தினசரியை விரித்து உட்கார்ந்திருந்தார். காலையில் அதுவரைதான் ஏற முடிந்ததாம். இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே என்று இறங்கவும் இல்லை. அவருடைய உதவியாளர் இரண்டு படி கீழே நோட்டுப்புத்தகத்தோடு. கோப்புகள் மேலிருந்து இறங்கி வந்தும் கீழிருந்து ஏறி வந்தும் அவர் மடியில் சந்தித்துக்கொண்டிருந்தன.

சீஃப் கோபப்படவில்லை. கோபப்படுமளவுக்கு மூச்சு இல்லை. பொய்ச் சான்றிதழ் கொடுத்தது உண்மையா என்று கேட்டார். உண்மை என்று சார் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தால் பணியிடை நீக்கம்தான், வேறு வழியில்லை என்றார் சீஃப். தெரியும் என்றார் சார். உதவியாளர் உத்தரவைத் தட்டச்சு செய்ய எழுந்தார். அப்போதுதான் அந்தச் சந்தேகம் சீஃபுக்கு வந்தது.

"இவரை நிறுத்திட்டா இந்த லிஃப்டையெல்லாம் மறுபடி யாருய்யா டெஸ்ட் பண்றது?"

யாரும் இல்லை. ஊருக்கு ஒரே ஆய்வாளர் அவர்தான். வேறு ஆள் கேட்டு எழுதினால், கட்டி வரும் அதே ஏழு மாதம். சீஃப் மேலே இருந்த இரண்டு மாடியையும் கீழே இருந்த நாலு மாடியையும் மாறிமாறிப் பார்த்தார். தண்ணீரின் முத்திரை பற்றி அன்று அவர் பேசவில்லை. கால் மணி நேரத்தில் உத்தரவு தயாரானது. சோதனைக்குத் தண்ணீரைப் பயன்படுத்த அனுமதி. ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார், பயில்வானும் அவ்வாறே. இந்த நீக்கம், நானூற்றுப் பன்னிரண்டு லிஃப்டுகளும் பாஸ் ஆன மறுநாள் அமலுக்கு வரும்.

சார் அதை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து அவரும் பயில்வானும் ஒரு சின்ன லாரியில் முப்பத்து நான்கு காலிக் கேன்களோடும் ஒரு ரப்பர்க் குழாயோடும் ஊரைச் சுற்றுகிறார்கள். போகிற இடத்தில் தண்ணீர் பிடித்துக்கொள்வது. நிறைந்த கேன்களைச் சார் சுமப்பார், பயில்வான் குழாயைப் பிடித்து எண்ணுவார். எண்ணிக்கையில் பயில்வானைப் போல ஒருவர் கிடையாது. அவர்தான் இரண்டாவது வாரத்தில் உத்தரவின் உள்ளர்த்தத்தைக் கண்டுபிடித்தார்.

"சார், கவனிச்சீங்களா? ஃபெயில் போட்டா அதை ரிப்பேர் பண்ணி, திரும்ப வந்து டெஸ்ட் பண்ணணும். நமக்கு வேலை நீளும். பாஸ் போடப் போடத்தான் வீட்டுக்குப் போற நாள் கிட்ட வருது. கொஞ்சம் தாராளமா ஃபெயில் போட்டா நாம ரிட்டயர் ஆகற வரைக்கும் ஓட்டலாம்."

சார் அவரை அதட்டினார். பேசாமல் எண்ணு என்றார். ஆனால் சொன்ன வார்த்தை காதுக்குள் உட்கார்ந்துகொண்டது.

நூற்று நாலாவது லிஃப்ட், ஒரு அச்சகத்தின் மேல்மாடியில். அதுவரை பார்த்ததில் மூன்றில் ஒன்று இறங்கிப்போயிருந்தது. அச்சகத்து லிஃப்ட் பழசு, துருப்பிடித்த கதவு, பார்த்தாலே நம்பிக்கை வராத முகம். முப்பத்து நான்கு கேன்களையும் ஏற்றிவிட்டு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். வாசல் நிலையையும் பெட்டியையும் சேர்த்துக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். கோடு நகரவில்லை. கால் மணி ஆயிற்று. விதிப்படி அவ்வளவுதான். பயில்வான் அவர் முகத்தைப் பார்த்தார். சார் கோட்டைப் பார்த்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. அச்சகத்துக்காரர், ஏதாவது கோளாறா சார் என்று கவலையோடு கேட்டார். அரை மணி ஆனபோது, தான் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது சாருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம், ஒரு நூல் அளவு, இறங்கக் கூடாதா?

இறங்கவில்லை. யாரோ ஒரு மெக்கானிக் ஒழுங்காக வேலை செய்திருந்தான்.

சார் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து, பாஸ் என்று எழுதினார். தேதி போட்டார். கையெழுத்து எப்போதையும்விடக் கொஞ்சம் கோணலாக வந்தது. ஃபெயில் ஆனதையும் சேர்த்து இன்னும் முந்நூற்று நாற்பது இருக்கும் என்று பயில்வான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கேன்களைக் காலி செய்யக் குழாயை எடுத்தார்.

"அடுத்தது எங்க?" என்று கேட்டார் சார். "இருட்டறதுக்குள்ள இன்னொண்ணு முடிச்சிடலாம்."